கதவைப் பார்த்துப் பேசிய இசிதோரா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிணத்தின் வயிற்றிலிருந்து.

பயப்பட ஒன்றுமில்லை. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் சதர்க்கில், பழைய ஆங்கில நாடகம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். முற்றத்தில் நின்று பார்த்தால் மலிவு என்பதால் நின்றேன். மேடையில் ஓர் அரசி, செத்துக் கிடக்கும் கணவனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அழகான பேச்சு. பக்கத்தில் நின்ற பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். நான் மட்டும் அந்தக் கணவனின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. (மூச்சுவிடாமல் எத்தனை நேரம்தான் கிடப்பான், பாவம்.)

இவள் உயிரோடு இருப்பவனிடம் போய் நீ செத்துவிட்டாய் என்கிறாளே என்று தோன்றியது. அதற்குப் பிறகு நாடகத்தில் மனம் போகவில்லை.

இந்த நாடகங்களின் துன்ப நாயகிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாவதற்கு முன்பு பேச நேரம் கிடைக்கும். விஷம் கையில் இருக்கும், கத்தி இடுப்பில் இருக்கும், பேசி முடிக்கிறவரை இரண்டும் பொறுமையாகக் காத்திருக்கும். எவனும் குறுக்கே வரமாட்டான். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் அத்தனை நேரம் தடங்கலில்லாமல் பேசக் கிடைத்ததில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "ஆங்கிலத் துன்பியல் நாடகங்களில் நாயகியர் உரைகள்: ஒரு—"

ஒரு என்ன? எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. என்னைப் பிடுங்கிய கேள்வி வேறு. அந்தப் பேச்சுகளில் சில வரிகள் அரண்மனையில் பிறந்தவையாகத் தெரியவில்லை. அடுக்களை வாடை அடித்தது. யாரோ ஒருத்தி யாரிடமோ சொல்லியிருக்கிறாள், அவன் கேட்கவில்லை, வேறு எவனோ கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டான். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ரகூசாவின் அரசி இசிதோரா விஷக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி—"

வேண்டாம். அரசியைக் கண்டால் நீங்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வீர்கள். எனக்கு நீங்கள் சாய்ந்து உட்கார வேண்டும்.

"பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரின் நாடகக் குழுக்கள்—"

இதில் பரீட்சை வாசனை அடிக்கிறது.

"தாமசின் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும். ஆனால் உடனே ஊறுகாயைத் தேடாதீர்கள். இது துணிக்குப் போடும் கோதுமைக் கஞ்சி. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்வார்கள். தலையைத் தட்டில் வைத்துப் பரிமாறியதுபோல இருக்கும். அதைத் துவைத்து, கஞ்சியில் தோய்த்து, சூடான கம்பியை விட்டு ஒவ்வொரு மடிப்பாக நிறுத்துவதுதான் தாமசினின் பிழைப்பு. தென்கரையில் ஒரு நாடகக் குழுவின் கழுத்துப்பட்டைகள் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். நாடகம் நடக்கும்போது அவளும் மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டும் அறையில் நிற்பாள், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு. அந்தப் பட்டைகளை உடையோடு சேர்த்துக் குத்த ஊசி கொஞ்சநஞ்சம் போதாது.

3

தாமசினின் கணவன் ஆம்புரோஸ் ஒரு மாலுமி. கிரேக்கத் தீவுகளில் உலர்திராட்சை ஏற்றிவரப் போன கப்பலில் போனான். கப்பல் திரும்பவில்லை. புயலில் மூழ்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, கொள்ளைக் கப்பல்கள் மடக்கி, ஆட்களை வட ஆப்பிரிக்காவில், அல்ஜியர்ஸில் அடிமைகளாக விற்றுவிட்டார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். அப்படி விற்கப்பட்டவர்களில் ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்ததும் உண்டு. அங்கேயே வேறொரு கல்யாணம் செய்துகொண்டு, இந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு.

அவன் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது. ஏழு வருஷம் கடல் தாண்டிப் போனவனிடமிருந்து தகவல் இல்லையென்றால், மனைவி மறுமணம் செய்தாலும் குற்றமில்லை என்பது அவர்கள் சட்டம். தெருவில் ஒன்றிரண்டு பேர் அவளை இப்போதே விதவை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதிர்வீட்டு மீன்காரி மட்டும் நேராகவே பேசுவாள்.

"ஏன் தாமசின், சாயந்திரமானா கதவ விரியத் தொறந்து வச்சிருக்க. சூடெல்லாம் தெருவுக்குப் போகுது."

"கஞ்சி ஆவி போகட்டும்னு."

"ஆவி போயிருச்சு. ஆளு வரல. நான் ஒண்ணு சொன்னா கோவிக்காத. செத்துட்டான்னா அழுதுட்டு விட்டுரலாம். உசுரோட இருந்துக்கிட்டு வராம இருக்கான்னா, அது வேற மாதிரி."

"மீனு நாறுதுக்கா. போய் வித்துட்டு வாங்க."

(சதர்க்கில் யாரும் யாரையும் 'அக்கா' என்று கூப்பிடமாட்டார்கள். அவர்களுக்கு வேறு சொல் உண்டு. அதைத் தமிழில் எழுதினால் மீன்காரி திருச்சபைப் பள்ளியின் தலைமையாசிரியை மாதிரி ஆகிவிடுகிறாள். என் கதையில் அக்காதான்.)

மீன்காரி விளையாட்டாகச் சொன்னதையே தாமசின் ராத்திரியெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் செத்திருப்பானோ என்பதல்ல அவளுடைய பெரிய பயம். செத்தவன் வரமுடியாதவன். உயிரோடு இருந்தும் வராதவன், வர விரும்பாதவன். இந்த இரண்டில் எதை நினைத்துத் தூங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான். அதைச் சுற்றிவளைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சாயந்திரம் கடைசிப் பட்டைக்குக் கம்பி விடும்போது அவள் கதவைப் பார்த்துப் பேசுவாள். தனியாக இருப்பதாக நினைத்துத்தான் பேசினாள். மாடியில் ஜெர்வஸ் என்றொருவன் குடியிருந்தான். பல்கலைக்கழகத்தில் லத்தீன் எல்லாம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் நாடகம் எழுதிக்கொண்டிருந்தான். மாடித் தளம் பலகைத் தளம். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடுக்குகள்.

4

அவள் பேசியது இது:

"வா. காலத் தொடைக்காமலே வா, தரையப் பத்தி இன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன். ரொட்டியில கருகின ஓரம் உனக்குப் பிடிக்கும்னு எடுத்து வச்சேன். ரெண்டு நாள் பாத்துட்டு நானே தின்னுட்டேன். கோவிச்சுக்க. வந்து கோவிச்சுக்க."

ஜெர்வஸின் நாடகத்தில், ஐந்தாம் அங்கத்தில், ரகூசாவின் அரசி பேசியது இது:

"வாரும் என் நாதா, புழுதிக் காலோடு
பளிங்குத் தரைமேல் வாரும், பொறுத்தேன்.
உமக்கென வைத்த மதுவை நானே
பருகித் தீர்த்தேன். சினம் கொள்ளும்.
வந்து, என்மேல் சினம் கொள்ளும்."

தரை பளிங்காகிவிட்டது. ரொட்டி மதுவாகிவிட்டது, துன்பியல் நாடகத்தில் ரொட்டி தின்றால் யாரும் அழமாட்டார்கள் என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கோபத்தை மட்டும் அவன் தொடவில்லை. (ரகூசா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்களுக்கும் தெரியாது. நான் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், அழகான ஊர்.)

இதைத் திருட்டு என்பதா? நான் யார் அதைச் சொல்ல. நான் இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் யாருடைய ரொட்டியோ—

இந்தப் பத்தி வேண்டாம். பார்னபி வரட்டும்.

5

அந்த மேடையில் பெண்களுக்கு இடமில்லை. அரசி, வேசி, செவிலி எல்லாமே குரல் உடையாத பையன்கள்தான். பார்னபி அப்படி ஒரு பையன், இந்தக் கதையின் அரசி அவன்தான். ஹம்ஃப்ரி என்ற பெரிய நடிகரிடம் தொழில் கற்பவன். அவர் வீட்டிலேயே சாப்பாடு, அவர் கையாலேயே அடி. இந்த நாடகத்தில் அரசியின் கணவனாக நடிப்பதும் ஹம்ஃப்ரிதான்.

கழுத்துப்பட்டை அளவு பார்க்கப் பார்னபி தாமசின் வீட்டுக்கு வந்தான். முக்காலிமேல் ஏறி நின்று, அவள் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கமாட்டாமல் பாடத்தை ஒப்பித்தான்.

"...சினம் கொள்ளும். வந்து, என்மேல் சினம்— அக்கா, குத்துது. கழுத்துல குத்திட்டீங்க."

தாமசின் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். "இத உனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லித்தரல. என் சுருள்ல இருக்கு."

"யாரப் பாத்து சொல்ற?"

"புருசனத்தான். எங்கயோ வெளியூர் போயிருக்கான். எனக்கு முன்னாடி பேசறவன் 'கதவைத் திறவுங்கள்'னு முடிக்கிறான். அப்ப அவன் வரப்போறான்னுதான அர்த்தம்?"

சுருளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. முழு நாடகத்தையும் ஒவ்வொரு நடிகனுக்கும் பிரதி எடுத்துத் தரும் வழக்கம் அங்கே இல்லை. அவனவன் பேசவேண்டியதை மட்டும் நீளமான தாளில் எழுதி, சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், எதிராளியின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அதைக் கேட்டதும் தொடங்க வேண்டும். சொன்னது யார், எங்கே நின்று சொன்னார், அப்போது மேடையில் யார் உயிரோடு இருந்தார், எதுவும் அதில் இருக்காது. ஒத்திகை என்று காலையில் கொஞ்சம் நடக்கும். கத்திச் சண்டையையும் நடனத்தையும் பார்த்துக்கொள்வார்கள், மற்றது மதியம் மேடையில் தானாக நடந்துவிடும் என்று நம்பிக்கை. பெரும்பாலும் நடந்துவிடும்.

பார்னபிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஹம்ஃப்ரி. அவருடைய சுருள் அவர் குத்துப்பட்டு விழும் இடத்தோடு முடிந்துவிட்டது. தான் செத்த பிறகு நாடகத்தில் என்ன நடக்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை. பெரிய நடிகர்கள் விசாரிப்பதில்லை.

6

அன்று ஜெர்வஸ் பல்வலியோடு படுத்திருந்தான். தாமசின் மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"ஐயா, அந்த ராணி யாரப் பாத்துப் பேசுறா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. தாடையில் கட்டிய துணியைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னான். "ராசாவ."

"அவன் எங்க இருக்கான்?"

"முன்னாடியே குத்திருவாங்க. திரைக்குப் பின்னால கெடப்பான். வேலக்காரன் திரைய விலக்குவான். பொணத்தப் பாத்துட்டு அவ பேசுவா, எழுப்புற மாதிரி. அதுதான் உருக்கம்."

"என் புருசன் சாகல."

"உங்க புருசனப் பத்தி யாரும்மா பேசுனா. இது ரகூசாவோட ராசா."

"கருகின ரொட்டி தின்ன ராசா."

ஜெர்வஸ் சுவரைப் பார்த்தான். நல்லவன்தான் அவன், அதுதான் பிரச்சினை. கெட்டவனாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"தாமசினம்மா, உள்ளதச் சொல்றேன். மொதல்ல அவன் திரும்பி வர்ற மாதிரிதான் எழுதுனேன். எழுத எழுத எனக்கே நம்பிக்க வரல. வரலன்னா ஏன் வரலன்னு சனங்க கேப்பாங்க. அதான் சாகடிச்சேன். உங்களுக்காகத்தான். செத்துப்போனவன் உங்கள விட்டுட்டுப் போனவன் இல்ல."

அவள் படுக்கைக்குக் கிட்டே வந்தாள். பேசியபோது மரியாதை போயிருந்தது.

"நீ யாருய்யா எனக்காக அவனச் சாகடிக்க? அவன் அங்க பத்துப் பிள்ளை பெத்துக்கிட்டு என்ன மறந்தே போயிருக்கட்டும். உசுரோட இருக்கட்டும். மாத்து."

"மாத்த முடியாது. அரமண அதிகாரி படிச்சு ஒப்புதல் போட்டுட்டாரு. இனிமே ஒரு வரி மாறுனாலும் கொட்டகையவே மூடிருவாங்க."

அவன் மறந்திருந்தாலும் பரவாயில்லை என்றாளே, அது உண்மையா? நான் அவளை நம்பவில்லை. அவளும் தன்னை நம்பவில்லை என்றுதான் படுகிறது. ஆனால் சொன்ன அந்த நேரத்தில் அதை முழுமனதோடு சொன்னாள்.

7

நாடகத்தன்று காலையில் பார்னபி பட்டையை வாங்க வந்தான்.

"அக்கா, ஒரு தடவ கேளுங்க. நான் சொல்றது சரியா இருக்கா?"

அவளுக்குத் தெரியும். 'அவன் செத்துட்டான்டா' என்று சொன்னால் போதும். பையன் சுதாரித்துக்கொள்வான், எஜமானிடம் அடி வாங்காமல் தப்பிப்பான். அந்தச் சொற்களைத்தான் அவள் ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள். "கதவப் பாத்தே சொல்லு. வேற எங்கயும் திரும்பாத."

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம். ஊரான் பிள்ளையின் முதுகைப் பணயம் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வதா? முதல் பிரதியில் அவளை நல்லவளாக்கினேன். பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதோடு கதையும் செத்துவிட்டது. இரண்டாம் பிரதியில் சூழ்ச்சிக்காரியாக்கினேன்; அவள் சிரித்த சிரிப்பை என்னால் சகிக்கமுடியவில்லை. இப்போது இருப்பவளைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது. அன்று கஞ்சியை வழக்கத்தைவிடத் தடிப்பாகக் காய்ச்சினாள் என்பது தெரியும். பட்டை காதுவரை நின்றது, கழுத்தைத் திருப்பமுடியாது. வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால், கதைக்கு வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.]

8

மதியம் இரண்டு மணிக்கு எக்காளம் ஊதினார்கள். முற்றத்தில் பாதாம் கொறிப்பவர்கள் — இல்லை, அவர்கள் கொறிப்பது ஹேசல் கொட்டை — தோளோடு தோள் இடித்து நின்றார்கள். நான்கு அங்கங்களும் ஒழுங்காகப் போயின. ஐந்தாம் அங்கத்தில் ஹம்ஃப்ரி நிறையச் சத்தம் போட்டு, மூன்று தடவை எழுந்து, கடைசியில் ஒருவழியாகச் செத்தார். திரையை இழுத்து மூடினார்கள்.

மேடையின் பின்சுவரில் இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு, நடுவில் அந்தத் திரை. அரசி இடக்கதவு வழியாக வந்தாள். வேலைக்காரன் திரையை விலக்கிவிட்டு, "கதவைத் திறவுங்கள்" என்று முடித்தான்.

பார்னபி நேராக வலக்கதவை நோக்கி நடந்து, கிட்டத்தில் போய் நின்று, பேசத் தொடங்கினான்.

அவனுக்கு முதுகுப்புறம் பிணம் கிடந்தது. கொட்டகையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அவன் மட்டும் பார்க்கவில்லை.

"டேய்," என்றது பிணம், உதடு அசையாமல். "நான் இங்க கெடக்கேன்டா."

கழுத்துப்பட்டை காதை அடைத்திருந்தது. பார்னபிக்குக் கேட்கவில்லை.

முற்றத்தில் ஒரு தொப்பிக்காரன் சிரித்தான். "அம்மா தாயே, ஒங்க ஆளு பின்னால கெடக்கான்."

"வாய மூடுய்யா," என்றாள் பக்கத்தில் நின்றவள். "பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது."

அதைக் கேட்டதும் தொப்பிக்காரனின் சிரிப்பு நின்றது. மெல்ல மெல்ல மற்ற சத்தமும் நின்றது. ஜெர்வஸ் எழுதியது, பிணத்தைப் பார்த்து அழும் ஒரு பெண்ணை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது, செத்துப்போனவன் பின்னால் கிடக்க, அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை. கொட்டை கொறிப்பது நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அந்த வலக்கதவையே பார்க்கத் தொடங்கினார்கள். அவன் கிடப்பது தெரிந்திருந்தும் பார்த்தார்கள்.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் வேஷம் கட்டும் அறை. அங்கே தாமசின் நின்றிருந்தாள்.

அவள் எதிர்பார்த்தது வேறு. தன் சொற்கள் பிணத்தின்மேல் விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். அவை தன்னை நோக்கி வரும் என்று நினைக்கவில்லை. ஏழு வருஷமாக உள்ளே நின்று கதவைப் பார்த்துச் சொன்னவள், இன்று கதவுக்கு வெளியே நிற்பவளாகிவிட்டாள். ஆம்புரோஸ் நிற்கவேண்டிய இடம் அது.

"புழுதிக் காலோடு... வாரும், பொறுத்தேன்."

அவள் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. இப்படியா கூப்பிட்டேன் அவனை என்று நினைத்தாள். இப்படிக் கூப்பிட்டால் யாரால் நிற்கமுடியும். உடனே திறந்துவிடவேண்டும் என்று இருந்தது. ஆனால் அவள் திறக்கவில்லை. திறந்தால் பையனின் கதி என்னவாகும், நாடகம் என்னவாகும், மேடையில் ஒரு பெண் கால்வைத்தால் கொட்டகை என்னவாகும். இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் எத்தனையோ காரணங்கள் இருந்தன.

ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு, தாழ்ப்பாளில் கைவைத்துக்கொண்டு, வந்துவிட மாட்டோமா என்று தவித்துக்கொண்டு ஒருத்தர் கதவைத் திறக்காமல் நிற்கமுடியும். அது அவளுக்கு இதுவரை தெரியாது. வராதவனெல்லாம் வர விரும்பாதவன் இல்லை என்று மீன்காரிக்குச் சொல்ல அவளிடம் இப்போது ஒரு பதில் இருந்தது. அவளுக்கே சொல்லிக்கொள்ளவும் இருந்தது.

9

முடிவுக்கு நான் எழுதிப் பார்த்தவை:

அவள் கதவைத் திறந்துவிடுகிறாள். வாய் நிறைய ஊசியோடு கஞ்சிக்காரி ஒருத்தி மேடையில் வந்து நிற்கிறாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சிரிக்கட்டும், ஆனால் நான் அவளைச் சிரிப்புக்கு விடமாட்டேன்.

ஆம்புரோஸ் அன்றைக்குத்தான் கரையிறங்கி, வெயிலில் கறுத்த முகத்தோடு முற்றத்தில் நின்று தன் வீட்டுச் சொற்களைக் கேட்கிறான். இதை ஒரு முழு அத்தியாயமாக எழுதினேன். எழுதிய இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஜெர்வஸைப் போலவே எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

அவள் ஒரு படகுக்காரனை மணந்துகொண்டு, பிள்ளை பெற்று, நன்றாக—

நன்றாக இருந்திருக்கலாம். பலர் இருந்தார்கள். அந்தக் கதையை வேறு யாராவது எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்த அளவில் நடந்தது இதுதான். பார்னபி பேசி முடித்தான். அவன் சுருளில் அடுத்த பேச்சுக்கு முன்னால் எதிராளியின் இரண்டு மூன்று சொற்கள் இருந்தன. அவற்றைச் சொல்லவேண்டியவன் வேலைக்காரன். பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அரசி எங்கேயோ இருக்க, எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தான். பார்னபிக்கு அது தெரியாது. கணவன்தான் பதில் சொல்லப்போகிறான் என்று நினைத்துக் கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஹம்ஃப்ரிகூட முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். கொட்டகை முழுக்க அந்தப் பலகைக் கதவிலிருந்து ஒரு பதில் வரக் காத்திருந்தது.

தாமசின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலங்கியில் குத்திக்கொண்டாள். பிறகு பலகை இடுக்கில் வாயை வைத்து, ஆம்புரோஸ் என்ன சொல்வானோ அதைச் சொன்னாள். அவளுக்குத் தன் வரிகள் மட்டும்தான் இத்தனை நாள் தெரியும். அவன் வரியை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னாள்.

அது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. கதவோடு ஒட்டி நின்ற பார்னபிக்கு, பட்டையையும் மீறிக் கேட்டது. அவன் அழுதான், வழக்கமாக ஒரு கண்ணால் அழத் தெரிந்தவன் இரண்டு கண்ணாலும் அழுதான். அன்று மாலை எஜமானிடம் அடி வாங்கினான் என்றும், கதவுக்குப் பின்னாலிருந்து என்ன காதில் விழுந்தது என்று மிரட்டியும் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொன்னது என்ன? "வந்துட்டே இருக்கேன்—" என்று எழுதினேன், அடித்தேன். "கோவமெல்லாம் இல்ல, ரொட்டி நல்லா—" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இன்னும் நிறைய எழுதி அடித்த பிறகுதான் புரிந்தது: நான் எழுதியது எதுவும் ஆம்புரோஸ் சொல்லக்கூடியது இல்லை. எனக்கு வேறொருவர் சொல்லவேண்டியது. அவரைப் பற்றி இந்தக் கதையில் எழுதப்போவதில்லை.

ஆகவே அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கும் வராத ஒருவர் இருப்பார். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் கூப்பிட்டதையெல்லாம் கேட்டிருந்தால், திறக்கமுடியாமல் நின்றிருந்தால், என்ன சொன்னால் உங்களுக்குப் போதும்? அதைத்தான் தாமசின் சொன்னாள். இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"..........................................."

சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. பார்னபி கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான்.